கட்டைக்கால் பூச்சியும் பச்சை வாளியும்

ஜனவரி 3, செவ்வாய்

கரட்டுப்புதூர் சமஸ்தானத்தின் தலைமைத் தளபதியும், எட்டுத் திக்கும் புகழ் பரவியவனுமாகிய ஆண்டிவேலு என்னும் நான், இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. அட்டையைத் திருப்பினால் பூச்சி மருந்து டப்பாவின் படம், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு விவசாயி. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். வழவழப்பான தாள். சீக்கிரத்தில் எரிய மாட்டேன் என்றது.

சமஸ்தானத்தின் பரப்பளவு ஒன்றேகால் ஏக்கர். வேடசந்தூருக்கு மேற்கே, ஒரு பக்கம் பாறைக் கரடு, மறுபக்கம் கிணறு, நடுவில் ஐம்பது நாள் புகையிலை. ராணி, என் தங்கை மகள் தெய்வானை. வயது முப்பத்தொன்று. அவள் புருஷன் சௌந்தரபாண்டி போன தை மாதம் இறந்துவிட்டான்.

புகுந்த வீட்டார் இந்த ஒரு போகத்தை அவளுக்கு விட்டிருக்கிறார்கள். வெள்ளாமையை நல்லபடியாக வீடு சேர்த்தால் நிலம் அவள் கையில். இல்லாவிட்டால் கொழுந்தன் தண்டபாணி உழுவான், அவள் திண்டுக்கல்லில் தாய் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவள் போட்டிருக்கும் சட்டம் ஒன்றே ஒன்றுதான். இந்த மண்ணில் இனி ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நாற்று நட்ட அன்று, நாலு நாள் கூடமாட இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். சமஸ்தானம் என்னை விடவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 5, வியாழன்

செடிக்கு மண் அணைத்தோம். மண்வெட்டி பிடிப்பதில் உலகத்தில் இருபத்தேழு முறைகள் உண்டு, அத்தனையும் எனக்குத் தெரியும். தெய்வானை ஆறு வரிசை முடித்தபோது நான் முக்கால் வரிசையில் இருந்தேன். நுணுக்கமான வேலை அப்படித்தான் நேரம் எடுக்கும். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். புகையிலைப் பிசின் வேறு கையில் தார்போல அப்பிக்கொண்டது. எலுமிச்சைத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மோட்டார் ரூமில் சாக்கு எடுத்துவரச் சொன்னாள். உள்ளே ஆணியில் அந்தப் பச்சை வாளி தொங்குகிறது. சாக்கை வீட்டிலிருந்தே எடுத்து வந்தேன். அரைப் பர்லாங் கூடுதல் நடை, உடம்புக்கு நல்லது.

ஜனவரி 7, சனி

எல்லையில் அந்நியர் ஊடுருவல்.

கொசுவைப் பிடித்து இரண்டு முனையிலும் இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பூச்சி. உடம்பு ஈர்க்குச்சியில் பாதி மொத்தம்கூட இல்லை. கால்கள் மட்டும் தலைமயிர் மாதிரி நீண்டு, நடுவில் மடங்கி நிற்கின்றன. திருவிழாவில் காலில் உயரக் கட்டை கட்டி ஆடுபவர்களைப்போல நடக்கிறது. புகையிலை இலையில் சின்ன ஈ உட்கார்ந்தாலும் பிசினில் ஒட்டிச் சாகும். இவர் மட்டும் வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக்கொண்டு சேற்றைக் கடக்கும் பெரிய மனிதர் மாதிரி, ஒரு கால் எடுத்து, யோசித்து, அடுத்த கால் வைக்கிறார். தெய்வானைக்கும் அதன் பேர் தெரியவில்லை. கட்டைக்கால் பூச்சி என்று நானே நாமகரணம் செய்தேன்.

இலை நரம்பில் ஊசி வாயை வைத்து அது சாறு குடிப்பதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அது போதும். மரண தண்டனை. மருந்துக்குத் தடை இருப்பதால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தண்டனையை நிறைவேற்றும்.

ஜனவரி 8, ஞாயிறு

எதிரி தரப்பில் உயிர்ச்சேதம் நாலாயிரம். நம் தரப்பில் என் இடுப்பு.

ஜனவரி 11, புதன்

கிணற்றடியிலிருந்து பன்னிரண்டு வரிசை வரை எதிரி துடைத்தெறியப்பட்டான். செத்தவர்களை ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன், வருங்காலச் சந்ததி பார்க்கட்டும் என்று. கரட்டுப் பக்கத்து வரிசைகளுக்குப் போக இடுப்பு சம்மதிக்கவில்லை. போர் நிறுத்தம்.

மத்தியானம் புளிய மரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். தெய்வானை வெங்காயத்தை உரித்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“மாமா, நீங்க மருந்து அடிச்ச காலத்துல எதை வெச்சுக் கலக்குவீங்க?”

இந்தக் கிணற்றுத் தண்ணீரின் உப்பைப் பற்றி அவளுக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். ஒரு தடவை எருமை ஒன்று தவறி விழுந்ததும், தூக்குவதற்குள் அது கருவாடாகிவிட்டதும், அந்தக் கருவாட்டை மூன்று ஊர் ஆறு மாதம் தின்றதும். முன்பெல்லாம் இந்தக் கதைக்குச் சௌந்தரபாண்டி விழுந்து விழுந்து சிரிப்பான். “மெய்யாவா மாமா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

தெய்வானை “ம்” என்றாள். மிச்ச வெங்காயத்தை என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜனவரி 15, ஞாயிறு

தைப்பொங்கல் நாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை பொங்கல் வைப்பதில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மா ஒரு தூக்கில் கொண்டுவந்து கொடுத்தாள். தெய்வானை ஒரு வாய் சாப்பிட்டாள். மிச்சத்தை நான் சாப்பிட்டேன். பத்துப் பேர் பொங்கலை ஒருவனாக முடித்தவன் என்ற பெயர் எனக்கு நிலைக்கட்டும்.

போன வருஷம் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோடிச் சேலை எடுத்து வந்தது நான்தான். தாய்மாமன் முறை. திண்டுக்கல் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். என்ன விசேஷத்துக்கு என்று கடைக்காரப் பெண் கேட்டாள். சொன்ன பிறகு அவள் விலை பேசவில்லை. அந்தச் சேலையைத் தெய்வானையின் கையில் வைத்தபோது அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று தண்ணீர் பாய்ச்சவில்லை.

ஜனவரி 17, செவ்வாய்

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ரெஜினா மேரி என்ற அலுவலர் ஸ்கூட்டரில் வந்தார். கரட்டுப்புதூர்ப் பக்கம் மருந்தில்லாமல் ஒருவர் புகையிலை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டாராம். தெய்வானை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஆகவே அரசு மரியாதையை நானே ஏற்றுக்கொண்டு, போர்க்கதையை முதலிலிருந்து சொல்லி, வெற்றிச் சின்னமான பாட்டிலை நீட்டினேன்.

வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“ஐயா, இதையா கொன்னீங்க?”

என்னைக் கரட்டுப் பக்கம் கூட்டிப் போனார். ஒரு கொழுந்து இலையைத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். கடுகில் கால்வாசி அளவில், வெள்ளையாக, பூசணிக்காய் மாதிரி வரி போட்ட ஒரு முட்டை. காய்ப்புழுவின் முட்டை, மூன்று நாளில் புழுவாகி இலையை ஓட்டை போடும் என்றார். இன்னொரு இலையில் கட்டைக்கால் பூச்சி ஒன்று அதேபோன்ற முட்டையில் ஊசி வாயை இறக்கியிருந்தது. பால் குடிக்கும் குழந்தையைப்போல அசையாமல் நின்றது. அது நகர்ந்த பிறகு பார்த்தேன். முட்டை சப்பிப்போய், கண்ணாடிபோல் வெறும் தோலாகக் கிடந்தது.

மற்றப் பூச்சிகள் கால் வைக்கப் பயப்படும் பிசின் இலையில் காவல் சுற்ற இதற்குத்தான் கால் இருக்கிறது என்றார். கொஞ்சம் சாறும் குடிக்கும், அதனால் செடிக்குப் பெரிய கேடில்லை என்றார். சாறு குடிப்பதால்தான், மருந்து அடித்தால் முதலில் சாவதும் இதுவாம். இது எல்லா முட்டையையும் தின்றுவிடாது, மிச்சத்தைக் கையால் பொறுக்கத்தான் வேண்டும் என்று எச்சரித்துவிட்டு, கோயம்புத்தூரில் பதினைந்து நாள் பயிற்சி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

பாட்டிலை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 18, புதன்

எழுத ஒன்றுமில்லை. பாட்டிலைப் புளிய மரத்தடியில் புதைத்தேன்.

ஜனவரி 21, சனி

கிணற்றுப் பக்கம் புழு விழுந்துவிட்டது. பன்னிரண்டு வரிசை. சரியாக அந்தப் பன்னிரண்டு. இலைக்கு இலை ஓட்டை, கொழுந்தில் கரிய எச்சம். தெய்வானை சோப்புத் தண்ணீர்ச் சட்டியோடு வரிசை வரிசையாகக் குனிந்து பொறுக்குகிறாள். காலையில் பொறுக்கிய செடியில் சாயங்காலம் இன்னும் இரண்டு இருக்கின்றன. நானும் பொறுக்கினேன். எத்தனை என்று எழுத மனமில்லை.

ஜனவரி 23, திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை, பூச்சியைப் பற்றி. கரட்டுப் பக்கம் கட்டைக்கால் பூச்சி இருக்கிறது, அது முட்டையைச் சப்பிவிடுகிறது, அதனால் அங்கே புழு அதிகமில்லை, இங்கே நான் கொன்றுவிட்டேன், அதனால் இங்கே புழு என்று.

தெய்வானை நிமிர்ந்தாள். நெற்றியில் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது.

“கருவாடான எருமை மாதிரியா மாமா?”

கதையில்லை என்றேன். ரெஜினா மேடம் கண்ணாடி வைத்துக் காட்டியதைச் சொன்னேன்.

“அவங்க வந்தப்ப நான் இல்ல. அவங்க சொன்னதா நீங்கதான சொல்றீங்க.” கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னாள். “இப்ப எனக்குக் கதை கேக்கத் தெம்பில்ல மாமா. சட்டிய எடுத்துட்டு வாங்க.”

ஆயுள் முழுக்க நான் சொன்ன பொய்களை ஊரே உட்கார்ந்து கேட்டது. உண்மை ஒன்று கையில் கிடைத்த நாளில் கேட்க ஆளில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜனவரி 26, வியாழன்

தண்டபாணி வந்து வயலைச் சுற்றிப் பார்த்தான். கெட்டவன் இல்லை. அண்ணன் செத்ததில் அவனுக்கும் பாதி உயிர் போனது. ஓட்டை விழுந்த இலை ஒன்றைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

“மதினி, இப்பவே அடிச்சா முக்காவாசியாவது மிஞ்சும். நீங்க நிக்க வேணாம், நானே அடிக்கிறேன். விட்டுட்டீங்கன்னா வீட்ல பெரியவங்க என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

தெய்வானை கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெவசம் முடியட்டும் என்றாள்.

அவள் சட்டம் இன்றோடு செத்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பூச்சி என்று வாயெடுத்தேன். தண்டபாணி சிரித்துவிட்டு என் தோளில் தட்டினான்.

ஜனவரி 29, ஞாயிறு

சௌந்தரபாண்டிக்கு வருஷத் தெவசம். படத்துக்கு மாலை. படையலில் சுண்டைக்காய்க் குழம்பும் முறுக்கும். ஊரில் முப்பது பேர் வந்தார்கள். மூன்று லட்சம் பேர் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் நான் என்னவோ தமாஷ் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ராக்கம்மா மட்டும் இலையைப் பார்த்தபடி, சௌந்தரம் இருந்திருந்தால் சிரித்திருப்பான் என்றாள். ஆண்டிவேலு மாமா சொன்னால் அது அவனுக்கு அப்படியே வேதம் என்றாள்.

பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த தெய்வானையின் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த இலைக்குப் போனது.

ஜனவரி 30, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குத் தண்டபாணி முதுகில் மாட்டும் தெளிப்பானோடு வந்தான். மருந்து பாட்டிலைக் கிணற்று மேட்டில் வைத்தான். மோட்டார் ரூமுக்குள் போய் அந்தப் பச்சை வாளியை எடுத்துவந்து தண்ணீர் மொண்டான். தெய்வானை வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்து பத்தடி தள்ளி நின்றாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

ஒரு குச்சி எடுத்து வரவா என்று கேட்டேன். தண்டபாணி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டே சொன்னான். “குச்சி எதுக்கு? கையால கலக்குனாத்தான் சீராக் கலக்கும்னு அண்ணன் சொல்லும். நீங்க அப்படித்தானாமே, முப்பது வருசமா. நாக்குல ஒரு சொட்டு வெச்சுக் காரம் பாப்பீங்களாமே.”

பாட்டில் மூடியில் அவன் கை இருந்தது.

வாளியை எட்டி உதைத்தேன். வெறும் தண்ணீர்தான். என் வேட்டி நனைந்தது. இந்த இடுப்பு அவ்வளவு தூரம் காலைத் தூக்கும் என்று நானே நினைக்கவில்லை.

“நான் மருந்தே அடிச்சதில்லப்பா,” என்றேன். “ஒரு நாளும் அடிச்சதில்ல. திண்டுக்கல்ல லாரி ஆபீஸ்ல பில் எழுதுனவன் நான். லீவு நாள்ல காட்டுல மருந்து அடிச்சேன்னு சொன்னதெல்லாம் கதை. அந்தப் பாட்டில கையால தொட்டதுகூடக் கிடையாது.”

தண்டபாணிக்குப் புரியவில்லை. தெய்வானையைப் பார்த்தான். நான் அவளைப் பார்க்காமல் மிச்சத்தையும் சொன்னேன். போன வருஷம் இதே கிணற்று மேட்டில், சௌந்தரபாண்டி முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு குச்சியோடு நின்றான். நான் தங்கை வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவந்திருந்தேன். அவனைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. மணப்பெண் மாதிரி முக்காடு என்னடா மாப்பிள்ளை என்றேன். நானெல்லாம் மருந்தை மோரில் கலந்து குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனவன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே துண்டை அவிழ்த்தான். குச்சியை வைத்துவிட்டு இதே பச்சை வாளியில் கையை விட்டுக் கலக்கினான். அதற்கு முந்தின நாள் களைக்கொத்து பட்டு முழங்கையில் ஒரு காயம் இருந்தது. நான் பார்த்தேன். முறுக்குத் தின்றுகொண்டு பார்த்தேன். அவன் சிரித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் போய்விட்டான்.

தெய்வானை முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“தெரியும்,” என்றாள். “ஆசுபத்திரியில வெச்சுச் சொன்னாரு. மாமா கையாலதான் கலக்குவாராம், அவருக்கு ஒண்ணும் ஆகலயேன்னு. உங்க ஒடம்பு கெட்டி, தன் ஒடம்புதான் சொத்தைன்னு நெனச்சுக்கிட்டே போனாரு.” என் கையைப் பார்த்துக்கொண்டே, “நானும் அப்படித்தான் நெனச்சேன். நீங்க மருந்தே அடிச்சதில்லன்னு இன்னிக்குத்தான் தெரியுது,” என்றாள்.

அவள் அழவில்லை. நானும் அழவில்லை, அழ எனக்கு என்ன பாத்தியதை.

பிறகு கேட்டாள். “அந்தப் பூச்சி. எத்தனைய கொன்னீங்க?”

“நாலாயிரம்னு எழுதி வெச்சிருக்கேன். எண்ணுனது இருநூத்திப் பதினாலு.”

“கரட்டுப் பக்கம் எத்தனை இருக்கு?”

“நேத்து சாயங்காலம் அம்பது செடி பாத்தேன். இருபத்தாறு பூச்சி. முட்டை பத்தொம்போது. அதுல பன்னெண்டு சப்பிப் போயிருந்துச்சு. ஏழு நல்லா இருந்துச்சு, அதைக் கிள்ளிட்டேன்.”

அந்த ஏழுதான் அவளை நம்பவைத்தது என்று நினைக்கிறேன். பழைய ஆண்டிவேலு பத்தொன்பதையும் சப்பச் செய்திருப்பான்.

தெய்வானை கரட்டுப் பக்கம் நடந்தாள். வரிசைக்குள் குனிந்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்டபாணியும் நானும் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அவன் கையில் மருந்து பாட்டில் இருந்தது, என் காலடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் வந்தாள். கொழுந்தனிடம் மட்டும் பேசினாள்.

“மெஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க தம்பி. அந்த வாளிய நசுக்கிக் குழியில போட்டுருங்க.”

பிப்ரவரி 1, புதன்

கரட்டுப் பக்கத்திலிருந்து பதினெட்டுக் கட்டைக்கால் பூச்சிகளை, காகிதத்தில் ஏந்திக் கிணற்றுப் பக்கம் கொண்டுவந்து விட்டேன். நாலு பூச்சி வழியிலேயே கால் ஒடிந்து செத்தன. பதினாலு.

பிப்ரவரி 4, சனி

என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். தெய்வானை பார்த்தாள். சோப்புத் தண்ணீர்ச் சட்டிகள் இரண்டையும் எடுத்து, ஒன்றைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பெட்டியை உள்ளே வைத்தேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

கொழுந்து கிள்ளும் வேலை முடிந்தது. இலை தடித்துவிட்டது. கிணற்றுப் பக்கத்துப் பன்னிரண்டு வரிசையில் பாதி இலை தேறாது. மற்றது நன்றாக இருக்கிறது. காலையில் தண்டபாணி அவன் அப்பாவைக் கூட்டிவந்தான். பெரியவர் ஒரு இலையை விரலால் நீவிப் பார்த்தார். அடுத்த போகமும் நீயே பாரும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். தெய்வானை மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆணி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது.

தினமும் சாயங்காலம் அவளிடம் எண்ணிக்கை சொல்கிறேன். அவள் கேட்டுக்கொள்கிறாள். சில நாள் தானே போய் ஐந்து செடி பார்த்துச் சரிபார்த்து வருகிறாள். “சாப்பாடு இருக்கு” என்கிறாள். “தண்ணி வந்துருச்சு” என்கிறாள். வாளியை உதைத்த அந்தத் திங்கட்கிழமைக்கு முன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாமா என்று கூப்பிடுவாள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. இப்போது எண்ணுகிறேன்.

இன்று: ஐம்பது செடி. முட்டை ஒன்பது. சப்பியது ஐந்து. கட்டைக்கால் பூச்சி முப்பத்தொன்று, அதில் கிணற்றுப் பக்கம் எட்டு.

மாமா என்று கூப்பிட்டது, ஒரு தடவைகூட இல்லை.